மனோவசியம் பந்தயத்தை வெல்லுமா?

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி, கலிபோர்ணியா மாகாணத்துச் சன் டியேகோ நகரிலே ஒரு குத்துச்சண்டை நடைபெற்றது. ஒரு மூலையில் முகமது அலி, உலகறிந்த பெயர். மறு மூலையில் கென் நோட்டன். அமெரிக்கக் கடற்படைத் துருப்பிலே முன்னர் சேவை செய்தவர். அந்நாளிற் குத்துச்சண்டை உலகுக்கு வெளியே அவரை அறிந்தோர் சிலரே. பன்னிரண்டு சுற்றுக்களும் முடிந்தபோது அலியின் தாடை எலும்பு முறிந்திருந்தது. தீர்ப்பாளர்களுட் பெரும்பான்மையோர் நோட்டனே வென்றார் என்றனர். பெயர் தெரியாத ஒருவர் பெருவீரரை வீழ்த்தியது எப்படி என்று ஊர் வியந்து நின்ற வேளையிலே இன்னொரு செய்தியும் பரவிற்று. சண்டைக்கு முன்னர் நோட்டன், மைக்கேல் டீன் என்னும் மனோவசியக்காரரிடம் சென்று, அவர் முன் கண் மூடி அமர்ந்து, தம் மனத்திலே வெற்றியை ஊன்றுவித்துக் கொண்டார் என்பதே அது.

நாம் இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக் கொண்டமைக்கு ஒரு தந்தையின் கடிதமே காரணம். அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. பயிற்சியின்போது நூறு மீற்றர் ஓட்டத்திலே எவரையும் முந்துகின்றானாம். போட்டி நாளன்று மட்டும் கால்கள் கல்லாய்க் கனக்கின்றன என்கின்றானாம். “மனோவசியம் செய்வோர் ஒருவரிடம் அழைத்துச் செல்லலாமா? அதனாற் பிரயோசனம் உண்டா, தீங்கு உண்டா?” என்று கேட்டிருக்கின்றார். இது நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று. ஒரு பிள்ளையின் மனத்தைப் பிறர் கையில் ஒப்படைப்பது பற்றிய வினா அது.

முதலில் நோட்டனின் கதையை முடித்து விடுவோம். மனோவசியக்காரருக்கு மாலை சூட்டியவர்கள், நோட்டனைப் பயிற்றிய எடி பட்ச் என்பவரை மறந்து விட்டனர். அலியை முதன்முதல் தோற்கடித்த ஜோ பிறேசியரின் பயிற்சியாளர்களுள் அவரும் ஒருவர். அலி குத்தும்போது எங்கே இடம் விடுகின்றார் என்பதை ஆண்டுக்கணக்காகக் கண்டு வைத்திருந்தவர். அலி இடக்கை நீட்டும் கணத்திலே நீயும் நீட்டு, பின்வாங்காதே, முன்னேறிக் கயிற்றோரம் தள்ளு என்பது அவர் வகுத்த உபாயம். அந்த உபாயம் இல்லாத இடத்து நம்பிக்கை மட்டும் என்ன செய்திருக்கும்? அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திற் கரகாஸ் நகரிலே ஜோர்ஜ் போர்மன் முன் நின்ற நோட்டன் இரண்டாவது சுற்றுக்கு அப்பாற் செல்லவில்லை. உள்ளத்து அச்சத்தை ஓட்டும் வித்தை எதிரியின் கைப்பலத்தை ஓட்டுவதில்லை.

இதனிலும் வேடிக்கையானது 1950இல் நிகழ்ந்தது. சென் லூயிஸ் பிறவுண்ஸ் என்ற அமெரிக்க பேஸ்போல் குழு தோல்வியிலேயே பழகிப்போன குழு. அதன் உரிமையாளர்கள் நியூயோர்க்கிலிருந்து டேவிட் ரேசி என்ற மனோதத்துவரை வரவழைத்தார்கள். தோற்போம் என்ற எண்ணத்தை மனோவசியத்தினால் வீரர்களின் உள்ளத்திலிருந்து களைந்து விடுவது அவருடைய பணி. பத்திரிகைக்காரருக்குப் பெருவிருந்து. ஆனால் ஆட்டம் தொடங்கிய பின்னரும் குழு முன்போலவே தோற்றது; மே மாதம் முடியுமுன் ரேசி வீடு திரும்பினார். ஆண்டு முடிவிலே 58 வெற்றி, 96 தோல்வி. எட்டுக் குழுக்களுள் ஏழாவது இடம். பந்தை எறியத் தெரியாதவனை அறிதுயிலில் ஆழ்த்தினாலும் அவன் பந்தை எறியத் தெரியாதவனாகவே கண் விழிப்பான்.

இனி, இவ்வித்தை யாது? மனோவசியம், அறிதுயில், ஹிப்னோட்டிசம் என்று பலவாறு வழங்கும் இதன் வரலாறு மெஸ்மர் என்ற வைத்தியரோடு ஆரம்பமாகின்றது. உடலிலே ஒருவகைக் காந்த ஓட்டம் உண்டு என்றும், தாம் அதனைத் திருப்பி நோய் தீர்ப்பதாகவும் அவர் பாரிஸ் நகரிலே சொல்லி வந்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் நியமித்த குழுவினர், பெஞ்சமின் பிராங்ளினும் இரசாயன அறிஞர் லவோசியரும் அதில் இருந்தனர், சோதித்துப் பார்த்துக் காந்தம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று தீர்ப்பளித்தனர். தீர்ப்புச் சரியே. ஆனால் வெறுங் கற்பனை உடலை அவ்வளவு தூரம் ஆட்டிப்படைக்குமாயின் அக்கற்பனையன்றோ ஆராயத்தக்கது? அதனை ஆராய்ந்தவர் மான்செஸ்டர் நகரத்துச் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் பிறெயிட். ஹிப்னோட்டிசம் என்ற பெயர் வழங்கலானது 1840களில் அவரால்தான். அக்காலத்தை ஒட்டி, மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன்னரே, வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர் நோயாளரை இவ்வாறு ஆழ்த்திச் சத்திரசிகிச்சை செய்து வந்தார். நம் நாட்டிலே, 1978இல் காலமான டாக்டர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தவர் எனக் கருதப்பட்ட பலரை இம்முறையினால் தெளிவித்தமையைப் பழைய வாசகர்கள் பத்திரிகைகளிலே படித்திருப்பார்கள். பிரித்தானிய வைத்தியச் சங்கமும் 1955இல் இதனைச் சிகிச்சை முறைகளுள் ஒன்றாக ஏற்றுக் கொண்டது.

அறிதுயில் துயில் அன்று. அதில் ஆழ்ந்தவர் கேட்கின்றார், பேசுகின்றார். ஆனால் கவனம் முழுவதும் ஒரே முனையிற் குவிந்திருக்கும். ஒரு நல்ல கதாப்பிரசங்கத்திலே ஒன்றிப் போனவர் பக்கத்திலிருப்பவர் எழுந்து போனதை அறியாரன்றோ, ஏறக்குறைய அந்நிலை. அந்நிலையில் உள்ளத்திலே ஊன்றப்படும் சொல் எதிர்வாதமின்றி உள்ளே சென்று விடுகின்றது. எல்லாரும் ஒரேயளவில் வசப்படுவதுமில்லை. 1959இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைற்சன்ஹொபரும் ஹில்காட்டும் இதனை அளப்பதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார்கள். அத்தகைய சோதனைகளிலே பத்துப் பேருள் ஒருவரோ சற்று மேற்பட்டோரோ மிக ஆழமாக வசப்படுகின்றனர். ஏறக்குறைய அவ்வளவு பேர் சற்றும் அசைவதில்லை. எஞ்சிய பெரும்பாலோர் நடுத்தரம். ஆகவே, வருவோர் எல்லாரையும் வீரராக்கித் தருவேன் என்று விளம்பரம் செய்பவர் தம் தொழிலின் அரிச்சுவடியையே அறியாதவர் எனக் கொள்க.

மேடைகளிலே ஒரு காட்சி காட்டுவார்கள். வசியப்பட்டவரின் தலையை ஒரு நாற்காலியிலும் கால்களை மற்றொன்றிலும் வைத்து, நடுவே பலகைபோற் கிடத்தி, அவர் மீது இன்னொருவரை ஏற்றி நிறுத்துவார்கள். மண்டபம் அதிரக் கைதட்டல் எழும். மனோவசியத்தினால் உடலுக்கு இயற்கைக்கு மீறிய பலம் வந்துவிட்டது என்று நம்பி வீடு செல்பவர் எத்தனை பேர்! அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாபர் என்பவர் இதனைச் சோதித்து, வசியம் ஏதுமின்றி விழிப்பு நிலையிலிருக்கும் சாதாரண மனிதரும், உறுதியாகச் சொல்லி ஊக்கினால், அப்படிக் கிடக்க வல்லவர் என்று காட்டினார். நம் தசைகளின் ஆற்றலை நாமே அறியோம்; அதனாலேதான் வித்தைக்காரருக்குப் பிழைப்பு நடக்கின்றது.

இங்கே நாம் 1961இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. யப்பானியரான மிச்சியோ இக்காயும் அமெரிக்கரான ஆதர் ஸ்ரைன்ஹவுஸும் சேர்ந்து நடத்தியது. சோதனைக்கு வந்தவர்கள் முழங்கையை மடக்கி ஒரு கருவியைத் தம் முழுப்பலங் கொண்டு இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறையாக அரை மணி நேரம். ஒவ்வொருவரும் “இதற்கு மேல் என்னால் முடியாது” என்றே இழுத்தனர். இடையிடையே, இழுப்பதற்குச் சில விநாடிகள் முன்னர், அவர்களுக்குப் பின்னால் ஒரு கைத்துப்பாக்கி வெடிக்கப்பட்டது. உடனே இழுவைப்பலம் சராசரி நூற்றுக்கு ஏழு பங்கிற்குச் சற்று மேலாகக் கூடிற்று! இழுக்கும்போது தாமே உரக்கக் கத்தியபோது நூற்றுக்குப் பன்னிரண்டளவு கூடிற்று. பின்னர் அவர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, நீ மிகப் பலசாலி என்று சொன்னபோது பலம் கால்பங்கிற்கு மேல் உயர்ந்தது. அப்படியாயின் முன்னர் “முழுப்பலம்” என்று அவர்கள் எண்ணியது முழுப்பலமே அன்று.

இதன் பொருள் யாதெனில், வண்டி மாட்டின் பலம் மாட்டிடமே இருக்கின்றது. மூக்கணாங்கயிறு அதனை அடக்கி வைத்திருக்கின்றது. மனோவசியக்காரர் மாட்டுக்குப் புல்லோ புண்ணாக்கோ போடவில்லை. கயிற்றைச் சற்றுத் தளர்த்தினார், அவ்வளவே. துப்பாக்கிச் சத்தமும் சொந்தக் கூச்சலும் அதே வேலையைச் சிறிய அளவிற் செய்தன. பாரந்தூக்குவோரும் குண்டெறிவோரும் உறுமிக் கொண்டு தம் செயலைச் செய்வதைக் கண்டு சிரிப்பவர்கள் இனிச் சிரிக்கத் தேவையில்லை.

ஆனால் அதே ஆராய்ச்சியின் மறுபக்கம் ஒன்றுண்டு. பலரும் அதனை எடுத்துச் சொல்வதில்லை. நமக்கோ அதுவே முக்கியமாகத் தோன்றுகின்றது. அறிதுயிலில் இருந்தவரிடம், நீ பலவீனன் என்று சொல்லிப் பார்த்தார்கள். பலம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது! ஏற்றியதைவிட இறக்கியது அதிகம். தசை அதே தசை, கை அதே கை, உண்ட உணவும் அதே உணவு. ஒரு சொல் மட்டுமே மாறியது.

சைக்கிள் மிதிப்போரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட வேறோர் ஆராய்ச்சியும் இதனோடு இயைகின்றது. ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில், மாறாத ஒரே பாரத்தோடு மிதித்துக் கொண்டிருந்தவர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, இப்போது மேட்டில் ஏறுகின்றீர் என்று சொன்னார்கள். பிரயாசை மிகுந்துவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். நாடித் துடிப்பும் இரத்த அமுக்கமும் மெய்யாகவே உயர்ந்தன. இல்லாத மேட்டிலே இருதயம் ஏறிக் களைத்தது! பின்னர், இப்போது பள்ளத்தில் இறங்குகின்றீர் என்றார்கள். பிரயாசை குறைந்தது போன்ற உணர்ச்சி வந்தது. ஆனால் நாடியும் இரத்த அமுக்கமும் சற்றும் தணியவில்லை. கால்கள் செய்யும் வேலை குறையாதிருக்க இருதயம் எப்படி ஓய்வெடுக்கும்? பாரமான சொல் உடலையே வருத்துகின்றது. இலேசான சொல் உணர்ச்சியை மட்டும் இலேசாக்குகின்றது, வேலை அப்படியே இருக்கின்றது.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு அத்தந்தைக்கு விடை கூறுவோம்.

பிரயோசனம் உண்டா? உண்டு, ஓரளவிற்கு. பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனையிலே சர்வகலாசாலை உதைபந்தாட்டக்காரர் 59 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மும்முறை அறிதுயிலில் தன்னம்பிக்கை ஊட்டினர். மறுபகுதியினருக்குப் பந்தாட்டப் படங்களைக் காட்டினர். சுவரிலே பந்தை உதைத்து மீள மீள அடிக்கும் தேர்விலே முதற் பகுதியினர் முன்னேறினர். அம்முன்னேற்றம் நான்கு வாரங்களின் பின்னரும் நிலைத்திருந்தது. எனினும் அவர்கள் அனைவரும் பந்துதைக்கக் கற்றவர்கள் என்பதைக் கவனிக்க. பாபர் போன்றோர் மற்றொன்றையும் வற்புறுத்தினர்: அறிதுயிலினால் வரும் நன்மையின் பெரும்பகுதி, விழித்திருப்பவரை முறையாக ஊக்குவதனாலும் வரக்கூடியதே. பயிற்சியிலே ஓடுகின்ற பையனிடம் ஓட்டம் இருக்கின்றது. போட்டி நாளிலே யாரோ கயிற்றை இறுக்குகின்றார்கள். அது யார் என்று முதலில் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்ப்பது நல்லது.

நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே கோட்டருகிற் சென்று நின்று கேட்டால் விளங்கும். “போன முறைபோல விழுந்து விடாதே.” “அடுத்த வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறான், மானத்தை வாங்கி விடாதே.” “உனக்கு எப்போதும் கடைசியில் மூச்சு வாங்கும், பார்த்து ஓடு.” அன்பினாற் சொல்லப்படுபவைதாம். ஆனால் அந்நேரத்துப் பிள்ளையின் நிலை யாது? கவனம் முழுவதும் ஒரே முனையிற் குவிந்திருக்கின்றது. தான் நம்பும் ஒருவரின் குரல் காதில் விழுகின்றது. எதிர்வாதம் செய்ய அவகாசமில்லை. மேலே அறிதுயில் என்று நாம் வருணித்த நிலைக்கு இது வெகு தூரமன்று. அந்தக் கணத்திலே விழுதல், மானம், மூச்சுவாங்கல் என்ற சொற்களை ஊன்றி விட்டு, கால் ஏன் கனக்கின்றது என்று வேறொருவரிடம் போய்க் கேட்கின்றோம். விழாதே என்பதற்குப் பதிலாக, முதற் பத்து அடியும் குனிந்தபடி ஓடு என்று சொல்லலாம். பிள்ளை செய்யக்கூடிய காரியமாக அது இருக்கின்றது. ஒன்றும் சொல்லாமல் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவதும் நல்லதே.

தீங்கு உண்டா? இங்கேதான் நாம் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். அச்சத்தைப் போக்குவது வேறு. நோவையும் களைப்பையும் மறைப்பது வேறு. முன்னர் சொன்ன ஹில்காட், அறிதுயிலில் இருப்பவரின் கையைப் பனிக்கட்டி நீரில் வைத்து, நோகாது என்று சொல்லிப் பார்த்தார். நோகவில்லை என்றே அவர்கள் கூறினர். ஆனால் உள்ளத்தின் வேறொரு பகுதியை வினாவும் உபாயம் ஒன்றைக் கையாண்டபோது, நோவு உள்ளே பதிவாகிக் கொண்டேயிருந்தது தெரியவந்தது. நோவு போய்விடவில்லை, சொல்லியனுப்பும் தூதுவனை வாசலில் நிறுத்தி விட்டார்கள். கணுக்கால் சுளுக்கிய பையனின் நோவை வசியத்தினால் மறைத்து ஓட விட்டால், அவன் ஓடுவான், சுளுக்கு முறிவாகும்.

1967ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி, பிரெஞ்சு நாட்டைச் சுற்றி ஓடும் சைக்கிள் பந்தயத்தில், கொதிக்கும் வெயிலிலே மொன் வென்ரூ மலையேறிக் கொண்டிருந்த ஆங்கில வீரர் தொம் சிம்சன் வழியில் வீழ்ந்து இறந்தார். வயது 29. அவர் களைப்பை மறைத்தது மனோவசியத்தினால் அன்று, அம்பெற்றமின் என்ற மருந்தினால். ஆயினும் மறைத்தது ஒன்றே: போதும், நில் என்று உடல் எழுப்பும் குரல். மலைப்பாதையிலே மூக்கணாங்கயிற்றை அறுத்து விட்ட வண்டி எங்கே போய் நிற்கும்? அம்மருந்து விளையாட்டுலகில் விலக்கப்பட்டிருக்கின்றது. மனோவசியமோ விலக்கப்பட்ட முறைகளின் பட்டியலில் இல்லை. அதனாலேயே அதனைக் கையாள்பவர் யார் என்பதிலே பெற்றார் கூடிய சிரத்தை கொள்ள வேண்டும். மேடைக்காரரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். வைத்தியராகவோ முறையாகப் பயின்ற உளநூலாராகவோ இருத்தல் வேண்டும். தாயோ தந்தையோ கூட இருக்க இடமளித்தல் வேண்டும். மனநோய் கண்ட பிள்ளையாயின் சிகிச்சை செய்யும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கவே கூடாது.

பிறரிடம் செல்லாமல் தானே பழகக்கூடிய முறையும் ஒன்றுண்டு. பேர்லின் நகரத்து வைத்தியர் ஷுல்ஸ் என்பவர், அறிதுயிலில் ஆழ்ந்தவர்கள் யாவரும் கைகால் பாரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்ததாகக் கூறுவதைக் கவனித்தார். அப்படியாயின் அவ்வுணர்ச்சிகளை ஒருவர் தாமே வரவழைத்துக் கொண்டால் என்ன என்று எண்ணி, ஒரு பயிற்சியை வகுத்து 1932இல் நூலாக வெளியிட்டார். அது ஐரோப்பிய விளையாட்டு வீரரிடையே பெரிதும் பரவிற்று. சுவீடன் நாட்டிலே ஊனஸ்தோல் என்ற உளநூலார் அறிதுயிலைத் தழுவித் தாமே பழகும் மனப்பயிற்சி முறை ஒன்றை 1970கள் தொட்டு வீரருக்குக் கற்பித்தார்.

ஷுல்ஸின் முறை எளியது. சத்தமற்ற இடத்திற் சாய்ந்தோ படுத்தோ கண்களை மூடுக. வலக்கை பாரமாயிருக்கின்றது என்று மனத்துள் ஐந்தாறு முறை மெல்லச் சொல்லுக. அதில் மனத்தைச் செலுத்துவதேயன்றி வலிந்து முயலலாகாது. சில நாட்களிலே கை மெய்யாகவே பாரமாகத் தோன்றும். பின்னர் வெதுவெதுப்பு, பின்னர் இருதயம் அமைதியாக அடிக்கின்றது, மூச்சுத் தானே ஓடுகின்றது, வயிறு இளஞ்சூடாயிருக்கின்றது, நெற்றி குளிர்ந்திருக்கின்றது. ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு வாரம் பழகிய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஆகவே போட்டிக்கு முதல் நாள் தொடங்குவதனாற் பயனில்லை. இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே தொடங்குதல் வேண்டும். நாளொன்றுக்கு இருமுறை, சில நிமிடங்கள் போதும். முடிக்கும்போது கைகளைப் பலமாக மடக்கி நீட்டி, ஆழ மூச்செடுத்து, அதன் பின்னரே கண் திறக்க வேண்டும். இதனைச் செய்யாது எழுந்தால் பாரமும் மந்தமும் சிறிது நேரம் உடலிற் தங்கும். கால் கனக்கின்றது என்று முறையிடும் பையனுக்கு ஓட்டத்துக்கு முன் அது ஆகாது; ஆதலால் போட்டி நாளிலே பயிற்சியைக் காலையிலேயே முடித்து, கைகளை நான்கைந்து முறை உதறிவிட்டு மைதானத்துக்குச் செல்லட்டும்.